குனிந்து சாப்பிடும் காப்பி

ஜூன் 4, ஞாயிறு

இவர் என்ன சாப்பிட்டார், எப்போது இருமினார், காய்ச்சல் அடித்ததா என்று தினமும் எழுதிவைக்கச் சொல்லியிருக்கிறாள் பெனிட்டா. இவருக்கு விழுங்கச் சொல்லிக்கொடுக்க வருகிற பெண். பக்கவாதம் வந்தவர்களுக்குப் பேச்சையும் விழுங்குவதையும் திரும்பப் பழக்குவதற்கென்று ஒரு படிப்பு இருக்கிறது என்பதே எனக்கு இந்த வருஷம்தான் தெரியும். சரி, எழுதுகிறேன். எழுதுகிற கை மற்றதையும் சேர்த்து எழுதினால் அவள் என்ன செய்துவிடப் போகிறாள்.

காலை: சத்துமாவுக் கஞ்சி, நாலு ஸ்பூன். ஐந்தாவதைத் துப்பிவிட்டார். மதியம்: மிக்ஸியில் அடித்த பருப்புச் சாதம், மூன்று ஸ்பூன். சாயங்காலம்: ஒன்றுமில்லை. "காப்பி" என்றார். கோணிப்போன வாயில் மற்ற எல்லாச் சொல்லும் குழறுகிறது, இந்த ஒன்று மட்டும் வெட்டினாற்போல வருகிறது.

காப்பி கூடாது. தண்ணீரும் கூடாது. தண்ணியாக இருக்கிற எதுவும் இவர் தொண்டையில் நிற்காமல் ஓடி மூச்சுக்குழாய்க்குள் போய்விடுமாம். தண்ணீரில் ஒரு பொடியைக் கலந்து கெட்டியாக்கித்தான் தருகிறேன்.

சாப்பாடு இறக்க மூக்கு வழியாகப் போட்டிருந்த குழாயை இரண்டு தடவை பிடுங்கி எறிந்துவிட்டார். அதனால் பெரிய டாக்டர் மாதக் கடைசி வரை கெடு வைத்திருக்கிறார். அதற்குள் வாயால் ஒழுங்காகச் சாப்பிட்டால் ஆயிற்று. இல்லாவிட்டால் வயிற்றில் துளை போட்டுக் குழாய் வைத்துவிடுவார்களாம். அதைக் கேட்ட அன்று, விளங்குகிற இடது கையால் என் கையைப் பிடித்துக்கொண்டு "வேண்டாம்" என்றார். எனக்கும் அதே பயம்தான். ஆனால் கோமதிநாயகம் என்கிற இந்த மனிதரை வாயைத் திறக்கவைக்க என்னால் முடியவில்லையே.

ஜூன் 5, திங்கள்

கெட்டியாக்கும் பொடியைக் காப்பியில் கலந்து கொடுத்தேன். ஒரு ஸ்பூன் வாயில் பட்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நானும் ஒரு வாய் போட்டுப் பார்த்தேன். சினிமா போஸ்டர் ஒட்டுகிற பசை. என் மூக்குத்தியைக் கழற்றிக் கொடுத்தாலும் அதைச் சாப்பிடமாட்டார். நியாயம்தான்.

ஜூன் 7, புதன்

பெனிட்டா வந்தாள். ஒரு விஷயம் கண்டுபிடித்தாள். ஸ்பூன் வாய்க்குக் கிட்டே வந்ததும் இவர் தலையைப் பின்னால் சாய்த்து வாயைத் திறக்கிறார்.

"அங்கிள், தலையத் தூக்கக்கூடாது. தூக்கினா மூச்சுக்குழாய் தெறந்துக்கும். நாடி நெஞ்சத் தொடணும். குனிஞ்சு முழுங்கணும்."

தலையாட்டுகிறார். அடுத்த ஸ்பூனுக்கு மறுபடி அண்ணாந்துவிடுகிறார்.

அவளுக்குப் புரியவைக்க எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. இந்த வீட்டில் யாரும் டம்ளரை வாயில் வைத்துக் குடித்ததில்லை. தண்ணீரோ மோரோ காப்பியோ, தூக்கி அண்ணாந்து ஊற்றிக்கொள்வதுதான். உதட்டில் பட்டால் எச்சில். நடக்கப் பழகும்போதே பிள்ளைகளுக்கு இதையும் பழக்கிவிடுவோம். கொதிக்கக் கொதிக்கக் காப்பியை ஒரு சொட்டுச் சிந்தாமல் இவர் ஊற்றிக்கொள்வதைப் பார்க்கக் கல்யாணமான புதிதில் எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. அறுபத்தைந்து வருஷமாக அண்ணாந்த கழுத்தை இன்றைக்குக் குனி என்றால் குனியுமா?

"அப்ப அதுதான் ஆன்ட்டி ஆபத்து" என்றாள் பெனிட்டா. சிரிக்காமல் சொன்னாள்.

ஜூன் 8, வியாழன்

பெங்களூரிலிருந்து மகள் தாட்சாயணி கூப்பிட்டாள்.

"எம்மா, அப்பாக்குக் காப்பி ருசிதான வேணும்? குடிக்கத்தான கூடாது? எங்க ஆபீஸ்ல ஒருத்தி செஞ்சு கொண்டுவந்தா. அடுப்பே வேண்டாம். மாரி பிஸ்கட்ட டிகாஷன்ல முக்கி அடுக்கணும். மேல கிரீம். அதுக்கு மேல இன்னொரு அடுக்கு பிஸ்கட். அப்பிடியே ஃப்ரிட்ஜ்ல வச்சிரு. மறுநாள் எடுத்தா மெத்துன்னு இருக்கும்."

"அடுப்பில்லாம ஒரு சமையலாட்டி?"

"செஞ்சுதான் பாரேன்."

பெனிட்டாவிடம் போனில் கேட்டேன். பிஸ்கட் முழுக்க ஊறி, கட்டியும் இல்லாமல் தண்ணியும் கசியாமல் இருந்தால் கொடுக்கலாமாம். ஸ்பூனைக் கவிழ்த்தால் ஓடாமலும் ஒட்டாமலும் தொப்பென்று விழ வேண்டும், அதுதான் கணக்கு என்றாள்.

ஜூன் 10, சனி

நேற்றுச் செய்தேன். டிகாஷனில் சர்க்கரை போட்டு ஆறவைத்தேன். ஐஸ் தண்ணீரில் ஒரு பாத்திரத்தை மிதக்கவிட்டு, அதில் பாக்கெட் கிரீமை ஊற்றித் தோள்பட்டை கழலுகிற மட்டும் அடித்தேன். பன்னீர்க் கட்டியையும் டின் பாலையும் மிக்ஸியில் மைய அரைத்துச் சேர்த்தேன். கிண்ணத்தில் பிஸ்கட், கிரீம், பிஸ்கட், கிரீம். தாட்சாயணி அனுப்பிய படத்தில் இருந்தபடியே மேலே கோகோப் பொடியைச் சலித்துத் தூவினேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது. எனக்கே ஆசை வந்தது.

இன்று முதல் ஸ்பூனை நீட்டினேன். இவர் வழக்கம்போல அண்ணாந்து மூச்சை இழுத்தார். மேலே இருந்த பொடி அப்படியே உள்ளே போய்விட்டது. இருமி இருமிக் கண் பிதுங்கிவிட்டது. முதுகைத் தடவிக்கொண்டே இருந்தேன். அழகு பார்த்த என்னைச் சொல்ல வேண்டும். கிண்ணத்தோடு கழுவு தொட்டியில் கொட்டினேன்.

நாலு மணிக்குக் கொழுந்தனார் வந்தார். இவருடைய தம்பி சிதம்பரநாதன், பக்கத்துத் தெரு. இருவரும் நாலு மணிக் காப்பியைச் சேர்ந்து குடிக்காத நாள் அபூர்வம். இப்போதும் அதே நேரத்துக்கு வந்து, அண்ணனுக்குப் பேப்பர் வாசித்துக் காட்டிவிட்டுப் போகிறார். அவர் இருக்கிற நேரத்தில் நான் குளிக்கப் போகிறேன். தொட்டியில் தண்ணீர் ஏறுகிற நேரம் அதுதான்.

ஜூன் 12, திங்கள்

காலையில் ஆறு ஸ்பூன் கஞ்சி! மதியம் அஞ்சு. முகத்தில் ஒரு தெளிச்சி இருக்கிறது. நான் குளித்துவிட்டு வந்தபோது தம்பி ஏதோ வாசிக்க, இவர் ஒரு பக்கமாகச் சிரித்துக்கொண்டிருந்தார். இந்தச் சிரிப்பைப் பார்த்து இரண்டு மாதம் ஆகிறது. நான் வாசலிலேயே கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன்.

சட்டையில் காப்பி வாசனை. சிதம்பரநாதன் தனக்குக் கலந்திருப்பார், வேறென்ன. பால் பாத்திரம் கழுவிக் கவிழ்த்தியிருந்தது. சுத்தமான மனிதர்.

ஜூன் 13, செவ்வாய்

லேசாக உடம்பு சூடு. தென்காசியில் சாரல் ஆரம்பித்துவிட்டது, ஜன்னலைச் சாத்த வேண்டும்.

ஜூன் 15, வியாழன்

இரண்டாவது தடவை செய்தேன். பொடி கிடையாது. ஆனால் பிஸ்கட்டை ரொம்ப முக்கிவிட்டேன் போலிருக்கிறது, கிண்ணத்தின் அடியில் டிகாஷன் கசிந்து நின்றது. கசிந்தது தண்ணி, கொடுக்கக்கூடாது. மேலடுக்கை மட்டும் எடுத்து மூன்று ஸ்பூன் கொடுத்தேன். நாக்கில் பட்டதும் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்தார். இருமல் இல்லை. எனக்கு அழுகையாக வந்தது, சந்தோஷத்தில்தான்.

ஃபில்டரில் டிகாஷன் சீக்கிரமே தீர்ந்துபோகிறது. பிஸ்கட் நிறைய இழுக்கிறது போல. குரல் கொஞ்சம் கரகரவென்று, தண்ணிக்குள்ளிருந்து பேசுவது மாதிரி இருக்கிறது. பெனிட்டா வந்தால் சொல்ல வேண்டும். நேற்று வந்தபோது சொல்ல மறந்துவிட்டேன்.

குளிக்கப் போய்விட்டு வர இன்று ஒரு மணி நேரம் ஆகிவிட்டது. தலைக்கு ஊற்றிக்கொண்டேன்.

ஜூன் 17, சனி

காய்ச்சல் நூற்றி இரண்டு. மூச்சு இழுத்தது. ஆம்புலன்ஸில் திருநெல்வேலி. நிமோனியா என்கிறார்கள். மூக்கில் மறுபடி குழாய். பிடுங்காமல் இருக்க இடது கையைத் துணியால் கட்டிலோடு கட்டியிருக்கிறார்கள். அந்தக் கையையும் கட்டிவிட்டால் இவரிடம் வேறு என்ன இருக்கிறது? எனக்குப் பார்க்கச் சகிக்கவில்லை.

ஜூன் 18, ஞாயிறு

கண் திறக்கவில்லை.

ஜூன் 19, திங்கள்

டாக்டர் வெளியே வந்து கேட்டார். "தண்ணியா எதுவும் வாய் வழியாக் குடுத்தீங்களாம்மா? நுரையீரல்ல போயிருக்கு. ஒரு நாள் குடுத்து வந்த மாதிரி தெரியல."

"இல்லவே இல்ல" என்றேன். அழுத்தமாகச் சொன்னேன். பக்கத்தில் நின்ற சிதம்பரநாதன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

டாக்டர் போனதும், "மதினி, நாந்தான் குடுத்தேன்" என்றார்.

"என்னத்தக் குடுத்தீய?"

"காப்பி. அரை டம்ளர். தெனம் இல்ல மதினி, ஒரு நாலஞ்சு நாளு. ஆறவச்சு, மெதுவா, அண்ணாக்க ஊத்தினேன். இருமல் வந்தா நிறுத்திருவேன்."

ஆஸ்பத்திரி என்றும் பாராமல் கத்திவிட்டேன். "உங்க அண்ணன் சாகட்டும்னு நெனச்சீயளா? படிச்ச மனுசன்தான நீங்க? பேப்பர் வாசிக்க வந்தீயளா, கொல்ல வந்தீயளா?" வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து தள்ளிப் போனார்கள்.

அவர் அப்படியே நின்று கேட்டுக்கொண்டார். பிறகு சின்னப்பிள்ளை போல அழுதார். "ஒத்தக் கையத் தூக்கி என்னையக் கும்பிட்டாவ மதினி. எங்க அப்பா போனப்புறம் என்னைய வளத்தவுக. அவுக என்னையக் கும்பிட்டா நான் என்ன செய்ய?"

"எங்கிட்டச் சொல்லிருக்கலாம்லா?"

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். குத்திக்காட்டுகிற குரல் இல்லை, சாதாரணமாகத்தான் சொன்னார். "ஒங்களுக்குத் தெரியும்னுதான் நெனச்சேன். தெரிஞ்சுதான் அந்த நேரம் பாத்துக் குளிக்கப் போறீயன்னு. நம்ம பக்கம் தண்ணி காலையிலதான வருது, மதினி."

அவரை வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டேன்.

எங்கள் தெருவுக்குத் தண்ணீர் காலையில்தான் வருகிறது.

ஜூன் 21, புதன்

காய்ச்சல் இறங்கிவிட்டது. கண்ணைத் திறந்து என்னைத் தேடினார். தேடினாரா, அல்லது எனக்கு அப்படித் தோன்றியதா தெரியவில்லை.

ஜூன் 23, வெள்ளி

வீட்டுக்கு வந்தாயிற்று, மூக்குக் குழாயோடு. முப்பதாம் தேதி தொண்டைக்குள் கேமராவை விட்டுப் பார்ப்பார்களாம். விழுங்குவது சரியாக இருந்தால் குழாயை எடுத்துவிடலாம். இல்லை என்றால் வயிற்றில்தான்.

"ஒரு வாரத்துல முடியுமா?" என்று பெனிட்டாவிடம் கேட்டேன்.

"முடியும்னு சொல்லமாட்டேன் ஆன்ட்டி. பாப்போம். அந்தக் காப்பி பிஸ்கட் செஞ்சு வைங்க. அதுக்குத்தான் அங்கிள் வாயத் தெறக்காங்க."

ஜூன் 24, சனி

நாலு மணிக்கு வாசலில் செருப்புச் சத்தம். உள்ளே வரவில்லை. போய்ப் பார்த்தால் சிதம்பரநாதன் பேப்பரைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, நனைந்துகொண்டே நிற்கிறார்.

"மழையில என்னத்துக்கு நிக்கீய? உள்ள வாங்க."

"இல்ல மதினி, அண்ணன் எப்படி இருக்காவன்னு..."

"உள்ள வந்து இந்தக் கிரீம அடிங்க. எனக்குத் தோள்பட்ட போச்சு."

ஐஸ் தண்ணீரில் பாத்திரத்தை வைத்துக்கொண்டு அரை மணி நேரம் அடித்தார். கை மாற்றவில்லை. வலிக்கட்டும் என்றுதான் நானும் விட்டேன். பிறகு பாவமாக இருந்தது, போதும் என்று வாங்கிக்கொண்டேன். பிஸ்கட்டை முக்கி உடனே எடுத்தேன், மூச்சு விடுகிற நேரம்கூட விடவில்லை. மீதியை ஃப்ரிட்ஜ் பார்த்துக்கொள்ளும். ஊறாத ஓரங்களைக் கத்தியால் நறுக்கி எடுத்துவிட்டேன்.

நான் இன்று காலையிலேயே குளித்துவிட்டேன்.

ஜூன் 25, ஞாயிறு

ஸ்பூனைக் கவிழ்த்தேன். ஓடவில்லை, ஒட்டவில்லை. தொப்பென்று விழுந்தது. அடுக்களையில் தனியாக நின்று கைதட்டினேன்.

ஜூன் 26, திங்கள்

பெனிட்டா முன்னால் கொடுத்தோம். இவர் ஸ்பூனைத் தானே வாங்கிக்கொண்டார். ஆசைதான். ஆனால் அதை வாய்க்கு மேலே ஒரு சாண் தூக்கி, அண்ணாந்து, உள்ளே போட்டுக்கொள்ளப் பார்த்தார். பெனிட்டா கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"வாய்க்குள்ள வச்சு உதட்ட மூடுங்க அங்கிள்."

தலையை ஆட்டினார். ஸ்பூனைக் காட்டினார், கிண்ணத்தைக் காட்டினார், முகத்தைச் சுளித்தார். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. வாயில் பட்ட ஸ்பூன் எச்சில், அது திரும்பக் கிண்ணத்துக்குள் போகக்கூடாது. உயிர் ஊசலாடுகிற நேரத்திலும் மனிதருக்கு ஆசாரம்! எரிச்சல் வந்தது. ஆனால் அந்தப் பிடிவாதம் கொஞ்சமாவது மிச்சமிருக்கிறதே என்றும் இருந்தது.

வீட்டில் இருக்கிற அத்தனை ஸ்பூனையும் எடுத்து வந்தேன். பாயச ஸ்பூன், ஊறுகாய் ஸ்பூன், தாட்சாயணிக்குச் சோறு ஊட்டிய குட்டி ஸ்பூன், மருந்துப் பாட்டிலோடு வந்த பிளாஸ்டிக் ஸ்பூன். தட்டில் பரப்பிவைத்தேன். ஒரு வாய்க்கு ஒரு ஸ்பூன், வாயில் பட்டது போய்விடும். இவர் தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். உதட்டை மூடினார்.

"ஆன்ட்டி, இது எந்தப் புஸ்தகத்துலயும் இல்ல" என்றாள் பெனிட்டா.

ஆனால் தலை இன்னும் தூக்குகிறது. ஒரு தடவை இருமினார். அவள் முகம் வாடிப்போனதை நான் பார்த்தேன்.

ஜூன் 27, செவ்வாய்

குனியுங்கள், குனியுங்கள் என்று சொல்லிச் சொல்லி என் தொண்டைதான் கட்டிவிட்டது. காப்பி வாசனை மூக்கில் ஏறியதும் கழுத்து தன்னால் பின்னால் போகிறது. கஞ்சிக்கு அப்படிப் போகவில்லை.

நான் எதிரே நின்று ஊட்டுகிறேன். நிற்கிறவள் முகத்தைப் பார்க்க இவர் நிமிர வேண்டியிருக்கிறது. இது சாயங்காலம்தான் எனக்கு உறைத்தது. தரையில் உட்கார்ந்தேன். முழங்கால் வலியில் உட்காருவதற்கே சுவரைப் பிடிக்க வேண்டியிருந்தது. கிண்ணத்தை என் மடியில் வைத்துக்கொண்டேன். நாற்காலியிலிருந்து என்னைப் பார்க்க இவர் குனிந்தார். நாடி நெஞ்சில் முட்டியது.

"அப்பிடியே. என்னையப் பாத்துக்கிட்டே இருங்க."

எட்டு ஸ்பூன். ஒரு இருமல்கூட இல்லை. எழுந்திருக்க முடியாமல் சிதம்பரநாதன் வந்துதான் தூக்கிவிட்டார்.

ஜூன் 29, வியாழன்

நேற்றும் இன்றும் இருமல் இல்லை. நாளைக்குத் தெரியும். இரண்டு நாளாக நான் சாப்பிட்டது இவர் மிச்சம் வைத்த காப்பி பிஸ்கட்தான்.

ஜூன் 30, வெள்ளி

ஐஸ் டப்பாவில் கிண்ணத்தை வைத்து எடுத்துப் போனேன், கூடவே ஸ்பூன்களையும். டாக்டர் ஸ்பூன்களைப் பார்த்து ஏதோ கேட்க வாயெடுத்தார், பெனிட்டா கண்ணைக் காட்டினாள். நான் அங்கேயும் தரையில் உட்கார்ந்தேன். டாக்டர்கள் நிற்க ஒரு கிழவி தரையில் உட்கார்ந்தால் உட்காரட்டும்.

டி.வி.யில் தெரிந்தது. சிவப்பாக, ஈரமாக, இவருடைய தொண்டை. முப்பத்தாறு வருஷம் கூட இருந்தும் நான் பார்த்திராத இடம். வெள்ளையும் பழுப்புமாக ஒரு உருண்டை வந்தது, தயங்கியது, போக வேண்டிய வழியில் போயிற்று. அடுத்ததும் போயிற்று. நான் பெனிட்டாவின் துப்பட்டாவைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தேன் என்று பிறகு அவள்தான் சொன்னாள்.

பிறகு நீலச் சாயம் கலந்த தண்ணீர் ஒரு ஸ்பூன். அது நிற்கவில்லை. தப்பான வழியில் ஓடியது. இவருக்கு இருமல்கூட வரவில்லை. தப்பாகப் போனது உடம்புக்கே தெரியவில்லை, அதுதான் இன்னும் மோசம் என்றார் டாக்டர்.

மூக்குக் குழாயை எடுத்துவிட்டார்கள். வயிற்றில் துளை வேண்டாம். ஸ்பூனில் நிற்கிறது எதுவானாலும் சாப்பிடலாம். குடிக்கிறது எதுவும் கூடாது. "எத்தன நாளைக்கு?" என்று கேட்டேன். டாக்டர் பேனாவை மூடினார். "இது திரும்பாதும்மா. திரும்பும்னு சொல்லி ஒங்கள ஏமாத்த விரும்பல."

இவரும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

ஜூலை 1, சனி

சிதம்பரநாதன் சங்கரன்கோவிலுக்குப் போயிருக்கிறார். அண்ணனுக்குக் குழாய் போனால் வருவதாக வேண்டிக்கொண்டாராம். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான்.

நாலு மணிக்கு இவர் அடுக்களைப் பக்கம் கையை நீட்டினார். ஃபில்டரில் காலையில் இறக்கிய டிகாஷன் இருந்தது, பால் இருந்தது. இரண்டும் இருப்பது இவருக்குத் தெரியும். எனக்கும் தெரியும்.

"ஏட்டி. காப்பி."

கிண்ணத்தை எடுத்துவந்தேன்.

"இது இல்ல. காப்பி. இன்னைக்கு... ஒரு நாள்."

கண்ணில் தண்ணீர் நிற்கிறது. கையைத் தூக்கப் போகிறார், கும்பிடப் போகிறார் என்று தெரிந்தது. நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன்.

இத்தனை வருஷத்தில் இவர் காப்பி கேட்டு நான் இல்லை என்றதில்லை. பால் திரிந்த அன்றும் பக்கத்து வீட்டில் வாங்கிக் கலந்து கொடுத்திருக்கிறேன். இந்த இரண்டு மாதமும் டாக்டர் கூடாது என்கிறார், பெனிட்டா திட்டுவாள் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். நான் தரமாட்டேன் என்று ஒரு தடவைகூட என் வாயால் சொன்னதில்லை. அதைச் சொல்ல எனக்குத் தெம்பு இருந்ததில்லை.

"தர மாட்டேன்" என்றேன்.

புரியாதவர் போலப் பார்த்தார்.

"இன்னைக்கு மட்டுமில்ல, இனிமே என்னைக்கும் கெடையாது. நாந்தான் சொல்லுதேன். யாரு சொல்லியும் இல்ல."

இடது கை வேகமாக வீசியது. கிண்ணம் தரையில் விழுந்து உருண்டது. கிரீமும் பிஸ்கட்டும் கட்டில் காலெல்லாம் அப்பிக்கொண்டது. நான் அழுதுகொண்டேதான் துடைத்தேன். மறைக்கவில்லை, மறைத்து என்ன ஆகப்போகிறது. பிறகு ஃப்ரிட்ஜிலிருந்து அடுத்த கிண்ணத்தை எடுத்துவந்து, சுவரைப் பிடித்துத் தரையில் உட்கார்ந்தேன்.

"சண்டாளி" என்றார். குழறாமல் வந்தது. காப்பிக்கு அடுத்தபடி தெளிவாக வந்த சொல் இதுதான்.

"ஆமா."

"பாதகத்தி. நீ... நல்லா இருப்பியா?"

"இருக்க மாட்டேன். வாயத் தெறங்க."

கோபத்தில் என்னை முறைக்கத் தலையைக் குனிந்தார். அந்த நேரம் பார்த்து ஸ்பூனை வைத்துவிட்டேன். உதடு மூடியது. வாயில் வைத்துக்கொண்டே அடுத்த வசவுக்குத் தயாரானார். நான் இவர் முழங்காலில் கையை வைத்து அழுத்தினேன்.

"பேசாதீங்க. மொதல்ல முழுங்குங்க. முழுங்கிட்டு வையுங்க."

குனிந்தபடியே விழுங்கினார். தொண்டை ஏறி இறங்கியதைப் பார்த்தேன். பிறகு வைதார். நான் அடுத்த ஸ்பூனை எடுத்தேன்.